விழித்திருக்க ஒரு குளிசை

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, சாய்ந்தமருதிலிருந்து ஒரு தாயார் நம்மைக் காண வந்திருந்தார். மகன் உயர்தர வகுப்பிலே உயிரியற் பிரிவில் படிக்கின்றான்; தகப்பனார் கட்டாரில் சாரதித் தொழில் பார்க்கின்றார். வந்தவர் கைப்பையைத் திறந்து, பத்துக் குளிசைகள் கொண்ட அட்டை ஒன்றை எடுத்து நம் மேசைமீது வைத்தார். ஆறு குளிசைகளின் இடம் ஏற்கெனவே வெறுமையாய் இருந்தது.

"சேர், இது இவன்ட கெமிஸ்ட்ரி கொப்பிக்குள்ள கிடந்திச்சு. கேட்டா, நித்திரை வராம இரிக்கிறதுக்கு எண்டு சொல்றான். கூட்டாளிமார் எல்லாரும் போடுறாங்களாம். இது என்ன சாமான் சேர்? கஞ்சா மாதிரி ஏதும் பழக்கமா?"

அட்டையில் மொடாபினில் என்றும், 200 மில்லிகிராம் என்றும் அச்சிட்டிருந்தது.

"கஞ்சா அன்று, தங்கச்சி. இது நல்ல மருந்து. ஆனால் உங்கள் மகனுக்குரிய மருந்து அன்று" என்றோம்.

அவ்விடை அவருக்கு நிறைவளிக்கவில்லை என்பதை முகமே காட்டிற்று. நல்ல மருந்தாயின் தம் மகனுக்கு மாத்திரம் அது எவ்வாறு ஆகாததாகும்? கேள்வி நியாயமானதே. மஃரிபுக்கு நேரமாகிவிட்டமையால் அவர் எழுந்து சென்றார். அரைகுறையாய் நின்ற விடையை இவ்வாரம் இப்பகுதியிலே எழுதி முடிக்க எண்ணினோம். அந்தத் தாயாரும் ஞாயிறு தவறாது இப்பக்கத்தை வாசிப்பவரே.

அட்டையைக் கையில் எடுத்தவுடன் நம் நினைவு பதினாறு ஆண்டுகள் பின்னே சென்றது. அந்நாளில் நாம் கல்முனைப் பகுதியில் ஒரு கல்லூரியிலே விஞ்ஞானம் படிப்பித்து வந்தோம். பத்தாம் வகுப்பிலே மருதமுனைப் பையன் ஒருவன் இருந்தான். வீட்டிலே கைத்தறி. கணக்கிலே சூரன், ஆனால் காலை முதற்பாடத்திலேயே தலை சரிந்துவிடும். எழுப்பினால் எழுவான், மன்னிப்புக் கேட்பான், பத்து நிமிடத்தில் மறுபடியும் சரிவான். இரவெல்லாம் தொலைக்காட்சி என்று நாமே தீர்மானித்துக்கொண்டோம். கும்பகர்ணன் என்று நாம் இட்ட பெயர் வகுப்பு முழுவதும் பரவிற்று. வாங்கின்மேல் ஏற்றி நிறுத்தினோம், நின்றபடியே தூங்கினான்.

ஒருநாள் வகுப்பில் யாரோ சொன்ன வேடிக்கைக்கு எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சிரித்தவாறே முழங்கால் மடிந்து, அறுத்துவிட்ட பொம்மைபோல் நிலத்தில் விழுந்தான். கண் திறந்திருந்தது, நாம் பேசியது அவனுக்குக் கேட்டது என்பதைப் பின்னர் அறிந்தோம். ஆனால் அவ்வேளையில் அது நடிப்பென்றே கருதிப் பிரம்பால் இரண்டு அடி கொடுத்தோம். பட்டம் பெற்று, விலங்கியல் படித்து, நரம்புத் தொகுதியைக் கரும்பலகையில் வரைந்து காட்டுகின்ற ஒருவர் செய்த காரியம் அது. அவ்விரண்டு அடிகளும் இன்றுவரை நம் கையை விட்டு இறங்கவில்லை.

வீட்டிலே அவனுக்கு வேறு தொல்லையும் இருந்தது. விடியற்புறம் விழிப்பு வரும், உடம்பு அசையாது. நெஞ்சின்மேல் யாரோ ஏறி அமர்ந்தாற்போல் இருக்கும். வாசற்படியில் கறுத்த உருவம் நிற்கும். மூத்தம்மா ஜின் என்றார். ஓதி ஊதினார்கள், தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள். நம்மவர் வீடாயின் திருநீறு போட்டுக் கோயிலிலே நூல் கட்டியிருப்பார்கள், வேறுபாடு அவ்வளவே. இறுதியில் வேறொரு காய்ச்சலுக்காக வைத்தியசாலைக்குக் கொண்டுபோனபோது, புதிதாக வந்திருந்த இளம் வைத்தியர் ஒருவர் தகப்பனிடம் ஒரேயொரு கேள்வி கேட்டாராம்: "சிரித்தால் விழுவானா?" வாப்பா திகைத்துப்போய் நின்றார். அடுத்த வாரமே பிள்ளை கண்டிக்கு, நரம்பியல் வைத்தியரிடம் அனுப்பப்பட்டான்.

அவனுக்கு இருந்த நோயின் பெயர் நார்க்கோலெப்சி. 1880ஆம் ஆண்டில் ஜெலினோ என்னும் பிரெஞ்சு வைத்தியர் இதற்கு அப்பெயரை இட்டார். அவரிடம் வந்த நோயாளி ஒரு மதுப் பீப்பாய் வியாபாரி. அம்மனிதரும் சிரித்தால் கால் தளர்ந்து விழுபவரே. ஏறத்தாழ இரண்டாயிரம் பேரில் ஒருவருக்கு இது வரக்கூடும். பெரும்பாலும் பள்ளிப் பருவத்திலேயே தலைகாட்டும். காரணம் நெடுங்காலம் புலப்படாதிருந்தது. 1998இல் ஒரே சமயத்தில் இரு ஆராய்ச்சிக் குழுவினர், மூளையின் அடிப்புறத்துள்ள ஹைப்போதலமசில் ஒரு சிறு கலக்கூட்டம் சுரக்கும் ஒரெக்சின் என்னும் பொருளைக் கண்டறிந்தனர். விழிப்பைத் தளரவிடாமல் பிடித்து நிறுத்துவது அது. வயற்காவற் பரணில் இராமுழுதும் உட்கார்ந்து, ஆனை வருகிறதா என்று பார்த்திருப்பானே காவற்காரன், அவனைப்போல என்று கொள்ளலாம். 2000ஆம் ஆண்டில் இந்நோயாளரின் மூளைகளை ஆராய்ந்தபோது பரண் வெறுமையாய் இருந்தது, அக்கலங்கள் அழிந்துபோயிருந்தன. சோம்பலும் இல்லை, ஜின்னும் இல்லை.

இனி மருந்துக்கு வருவோம்.

நித்திரையை விரட்டும் பொருள்களில் நாம் எல்லோரும் அறிந்தது தேநீர். பகல் முழுதும் விழித்திருக்க விழித்திருக்க மூளையிலே அடினோசின் என்னும் பொருள் சேர்ந்துகொண்டு போகும். அதுவே நம்மைப் படுக்கைக்குத் தள்ளுவது. தேநீரிலும் கோப்பியிலும் உள்ள கஃபீன், அடினோசின் அமரவேண்டிய ஆசனத்தில் தான் ஏறி அமர்ந்துகொள்ளும். விருந்தாளி வெளியே காத்து நிற்கின்றார், போய்விடவில்லை. மணித்தியாலங்கள் சென்று கஃபீன் எழுந்து போனதும் அவர் உள்ளே வருவார். நார்க்கோலெப்சி நோயாளருக்குத் தேநீர் போதாது. 1935இல் அமெரிக்க வைத்தியர் இருவர் அம்பெட்டமினைக் கொடுத்துப் பார்த்தனர். அது டோபமீனை மூளைக்குள்ளே வெள்ளமாய்த் திறந்துவிடும். நோயாளர் விழித்தனர், ஆனால் நெஞ்சு படபடத்தது, பசி போயிற்று, நாளடைவில் மருந்தின்றி இருக்கவியலாத நிலையும் பலருக்கு வந்தது. அதற்குச் சற்று மென்மையான உறவு மெதைல்பெனிடேட். 1944இல் சுவிற்சர்லாந்தில் பனிசோன் என்ற இரசாயனவியலாளர் அதைத் தயாரித்தார்; அவர் மனைவியின் செல்லப்பெயரான ரீட்டாவிலிருந்தே ரிட்டலின் என்ற வணிகப்பெயர் பிறந்தது. அதன் சாதாரணக் குளிசை மூன்று நான்கு மணி நேரமே நிற்கும். ஆகவே ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை போடவேண்டும்.

மொடாபினில் பிறந்தது பிரான்சில். 1998 டிசம்பரில் அமெரிக்கா அதை நார்க்கோலெப்சிக்கு அனுமதித்தது. இதுவும் டோபமீன் வழியாகவே வேலை செய்கின்றது. ஆயினும் மதகைத் திறந்துவிடுவதில்லை, வடிகாலை ஓரளவு அடைத்துவைப்பது போன்றது. எனவே படபடப்பும் குறைவு, பழக்கமாகும் அபாயமும் குறைவு. அபாயம் குறைவு என்றோமே தவிர இல்லை என்று சொல்லவில்லை. காலையில் ஒரு தடவை போட்டாற் போதும். உடம்பிலே அதன் பாதி கழிவதற்குச் சுமார் பன்னிரண்டு முதல் பதினைந்து மணித்தியாலம் செல்லும். 2007இல் வந்த ஆர்மொடாபினில் இதன் பாதியேயாம். மொடாபினில் என்பது வலக்கையும் இடக்கையும்போல ஒன்றுக்கொன்று ஆடிப்பிம்பமான இருவகை மூலக்கூறுகளின் கலப்பு. அவற்றுள் நெடுநேரம் நிற்பதை மாத்திரம் பிரித்தெடுத்ததே ஆர்மொடாபினில். பிற்பகலிலும் பலம் சற்று நிலைக்கும் என்பதைத் தவிர, நோயாளருக்குப் பெரிய வேறுபாடு தோன்றுவதில்லை.

2019இல் அமெரிக்காவில் இரு புது மருந்துகள் அனுமதி பெற்றன. ஒன்று சொல்ரியம்பெட்டோல், டோபமீனோடு நோரட்றினலீனையும் தேக்கிவைக்கும், விழிப்பூட்டும் வலிமை மிகுதி, இரத்த அழுத்தத்தை உயர்த்தும் குணமும் உண்டு. மற்றது பிட்டோலிசன்ட், ஐரோப்பாவில் 2016இலேயே வந்துவிட்டது. இதன் வழி முற்றிலும் வேறு. தடுமனுக்குக் குளிசை போட்டால் தூக்கம் வருகின்றதல்லவா? ஹிஸ்டமீனை அது மறிப்பதால் வருவது அத்தூக்கம். பிட்டோலிசன்ட் அதற்கு நேர்மாறாக மூளையில் ஹிஸ்டமீனைப் பெருகச் செய்கின்றது. முழுப்பலன் தெரிய எட்டு வாரம்வரை செல்லலாம். ஆனால் சிரித்தால் விழும் அந்தத் தளர்ச்சியையும் இது குறைக்கும். மொடாபினிலுக்கு அந்தச் சக்தி இல்லை. மருதமுனைப் பையனுக்கு அதற்கென வேறொரு மருந்தும் சேர்த்தே கொடுக்கவேண்டியிருந்தது. இவையன்றிச் சோடியம் ஒக்சிபேற்று என்று ஒன்றுண்டு. அதை இரவிலே குடித்து ஆழ்ந்து தூங்கவைத்து, அதனால் பகலைத் தெளிவாக்குகிறார்கள். விழிப்புக்கு மருந்து நித்திரையே என்பது வேடிக்கையான உண்மை.

எது சிறந்தது என்று கேட்டால் எண்களைப் பார்க்கவேண்டும். ஆனால் அவற்றைப் பார்க்கத் தெரிந்து பார்க்கவேண்டும். அமைதியான அறையில் நோயாளியை உட்காரவைத்து, எவ்வளவு நேரம் தூங்காமலிருக்க முடிகிறது என்று அளப்பது ஒரு சோதனை. மொடாபினில் 200 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு 5.8 நிமிடமாயிருந்தது 8.2 நிமிடமாயிற்று. சொல்ரியம்பெட்டோல் 150 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கோ ஏறத்தாழப் பத்து நிமிடம் கூடிற்று. உடனே இரண்டாவதே நான்கு மடங்கு மேல் என்று கணக்குப் போட்டுவிடலாகாது. முன்னதன் சோதனை இருபது நிமிடத்தோடு நிறுத்தப்பட்டது. பின்னதன் சோதனை நாற்பது நிமிடம். பின்னதில் வெறும் மாக்குளிசை எடுத்தவர்களுக்கே இரண்டு நிமிடம் கூடியிருந்தது. வெவ்வேறு வினாத்தாளில் எழுதிய இரு மாணவர்களின் புள்ளிகளை ஒப்பிடுவது எப்படியோ அப்படியேதான் இதுவும்.

ஒரே வினாத்தாளில் வைத்துப் பார்த்ததும் உண்டு. 2013இல் வெளியான ஐரோப்பிய ஆய்வொன்றில் மொடாபினிலையும் பிட்டோலிசன்டையும் மாக்குளிசையையும் அருகருகே கொடுத்தனர். அளந்தது எப்வேர்த் அளவுகோலால். 1991இல் அவுஸ்திரேலியாவில் உருவான இக்கோல் எட்டுக் கேள்விகள் கொண்டது: வாசிக்கும்போது கண்ணயர்வீர்களா, ஒரு மணிநேரம் வாகனத்தில் சென்றால் கண்ணயர்வீர்களா என்பன போன்றவை. மொத்தம் 24 புள்ளிகள். பத்தைத் தாண்டினால் வைத்தியரைக் காணவேண்டும். மொடாபினில் 6.9 புள்ளி குறைத்தது, பிட்டோலிசன்ட் 5.8, மாக்குளிசை 3.4. மருந்தே இல்லாத குளிசையும் மூன்றரைப் புள்ளி குறைத்ததைக் கவனிக்க. நண்பன் தந்த குளிசையால் மூளை கூர்மையானது என்று சாட்சி சொல்லும் மாணவர்கள் இவ்வெண்ணைச் சற்று உற்றுப் பார்க்கவேண்டும்.

இம்மருந்துகளை மூன்றாவது ஒரு கூட்டத்தாரும் நாடுகிறார்கள். நம் அயலில் ஒரு பஸ் சாரதி இருக்கின்றார். கல்முனையிலிருந்து கொழும்புக்கு இராப் பயணம். பருத்த உடம்பு. அவர் குறட்டை நம் வேலி தாண்டி வரும். இடையிடையே மூச்சே நின்று, பின் திணறலோடு மீளும். தொண்டை அடைபட்டு மூச்சுத் தடைப்படும் நோய் அது. இரவில் எத்தனையோ தடவை அவரறியாமலே விழிக்கின்றார், ஆகையால் பகலெல்லாம் தூங்கி வழிகின்றார். அவரும் ஒருநாள், "மாஸ்டர், முழிச்சிருக்கக் குளிசை இருக்காமே?" என்று கேட்டார். இருக்கிறதுதான். 2004இல் அமெரிக்கா இந்நோய்க்கும் இராவேலையாளருக்கும் மொடாபினிலை அனுமதித்தது. ஐரோப்பிய மருந்து நிறுவனமோ 2010இல் அவ்விரண்டையும் நீக்கி, நார்க்கோலெப்சிக்கு மாத்திரமே என்று கட்டுப்படுத்தும்படி பரிந்துரைத்தது. அமெரிக்காவிலும்கூட அது முதல் மருந்தன்று. 1981இல் சிட்னியில் சலிவன் என்பவர் கண்டுபிடித்த காற்றழுத்த முகமூடியே முதலாவது. அதை அணிந்தும் எஞ்சுகின்ற தூக்கத்துக்குத்தான் குளிசை. முகமூடியை விட்டுக் குளிசையை மட்டும் போட்டால் சாரதியின் கண் திறந்திருக்கும். தொண்டை இரவுதோறும் அடைபட்டுக்கொண்டே இருக்கும், இருதயமும் இரத்த அழுத்தமும் அதற்கு விலை கொடுக்கும். இராவேலையாளரை வைத்து 2005இல் வெளிவந்த ஆய்வு இன்னும் தெளிவானது. இரவில் அவர்கள் தூங்கிவிழ எடுத்த நேரம் மொடாபினிலோடு 2.1 நிமிடத்திலிருந்து 3.8 நிமிடமாயிற்று. நான்கு நிமிடத்துக்குள் தூங்கிவிடக்கூடியவர் கையில் ஐம்பது பேர் ஏறிய வண்டியைக் கொடுப்பாருண்டோ? அயலவரை வைத்தியசாலைக்குப் போகச் சொல்லியிருக்கின்றோம், போவதாகச் சொல்லியிருக்கின்றார். இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கின்றார்.

மாணவர் கதைக்குத் திரும்புவோம். இலக்குவன் வனவாசம் பதினான்கு ஆண்டும் உறங்காதிருந்தான் என்றும், அவன் பங்கு உறக்கத்தையும் சேர்த்து ஊர்மிளை அரண்மனையிலே உறங்கித் தீர்த்தாள் என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை கட்டியவர்க்குக்கூட அக்கடனை வெறுமனே தள்ளிவிட மனம் வரவில்லை. யாரோ ஒருவர் அடைக்கவேண்டியிருந்தது. நம் பரீட்சை மாணவனுக்கு ஊர்மிளை இல்லை. பகலில் படித்ததை மூளை அடுக்கிப் பதித்துக்கொள்வது இரவுத் தூக்கத்திலேயே. தூக்கத்தைக் கழித்துவிட்டுப் பாடத்தைச் சேர்ப்பவன் ஓட்டைக் குடத்திலே நீர் மொள்கின்றான். இன்னொரு கெடுதியும் உண்டு. 1997இல் கனடாவில் வெளியான ஓர் ஆய்வில், நாட்கணக்கில் தூங்காதவர்களுக்கு மொடாபினில் கொடுத்தபோது, தம் விடைகள் சரியென்ற அவர்கள் நம்பிக்கை விடைகளின் தகுதியை விஞ்சி நின்றது. தவறாக எழுதியவனுக்குத் தவறென்று தோன்றினாலாவது திருத்துவான்.

உடம்பைப் பற்றியும் சொல்லவேண்டும். தலைவலி சாதாரணம். அரிதாக, தோலும் வாயும் வெந்து உரியும் கொடிய ஒவ்வாமை வரக்கூடும். சிவந்த தடிப்புக் கண்டவுடன் நிறுத்தி வைத்தியசாலைக்கு ஓடவேண்டும். கர்ப்பிணிகள் தொடலாகாது, கருத்தடைக் குளிசை எடுக்கும் பெண்களுக்கு அதன் பலனையும் இது குறைத்துவிடும். வைத்தியர் எழுதிக் கொடுக்கும்போது இவற்றையெல்லாம் கேட்டே கொடுப்பார். நண்பன் கொப்பிக்குள் வைத்துக் கொடுக்கும்போது யார் கேட்பார்? பொய்யும் அதிக நாள் நிற்பதில்லை. 2003இல் பாரிஸ் உலக மெய்வல்லுநர் போட்டியில் இரண்டு ஓட்டங்களில் வென்ற கெலி வைட் என்ற அமெரிக்கப் பெண்ணின் பரிசோதனையில் மொடாபினில் தெரிந்தது. தமக்கு நார்க்கோலெப்சி என்றார். மறு ஆண்டு ஊக்கமருந்து எடுத்ததை ஒப்புக்கொண்டு பதக்கங்களை இழந்தார். உண்மையான நோயாளருக்கு அது செய்த அவமதிப்பை யார் ஈடுசெய்வது?

மறு வாரம் அந்தத் தாயார் மகனையே நம்மிடம் அனுப்பிவைத்தார். நெடிய பையன், கண்ணின் கீழ் கருவளையம். நாம் உபதேசம் செய்யவில்லை. அட்டையை எடுத்துக்கொண்டு, அவனையும் அழைத்துக்கொண்டு, நண்பகல் தாண்டிய நேரத்தில் கல்முனைக் கடைத்தெருவுக்குப் போனோம். அங்கே சாரமும் சேலையும் விற்கும் ஒரு கடை. கதவு பாதி சாத்தியிருந்தது. வேலைக்காரப் பையன், "முதலாளி இப்ப எழும்பிடுவார், இருங்க சேர்" என்றான். உள்ளே துணிக்கட்டுகளுக்கிடையே பாய் விரித்து, நம் பழைய மருதமுனை மாணவர் படுத்திருந்தார். இருபது நிமிடத் தூக்கம். நாள்தோறும் இரண்டு தடவை. கண்டி வைத்தியர் அன்று விதித்தது, குளிசையோடு இதையும் சேர்த்தே. நம் கல்லூரி நூல்நிலையத்து மூலை மேசையில் அவர் இப்படித் தூங்கியே சாதாரணதரம் தேறினார். தனியே கடலில் குளிப்பதையும் வாகனம் ஓட்டுவதையும் அன்றே விட்டுவிட்டார். நோன்பு மாதத்தில் காலைக் குளிசையைச் சஹரோடு எடுத்துக்கொள்கிறார். பகலில் இரண்டு மூன்று தடவை போடவேண்டிய மருந்தாயின் அது இயலாது. அவருக்கு மொடாபினில் பொருந்தியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று வைத்தியரே சொன்னாராம்.

எழுந்து வந்தவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பையனைப் பார்த்தார்.

"தம்பி, ராவைக்குப் படுத்தா உனக்கு நித்திரை வருமா?"

"வரும் காக்கா. படுக்கத்தான் நேரமில்ல."

"படிக்கக்குள்ள, சிரிக்கக்குள்ள விழுவியா?"

"இல்ல."

"நான் பதினாறு வருஷமா இதப் போடுறது, இது இல்லாம நீ இரிக்கிற மாதிரி இரிக்கிறதுக்குத்தான். அப்படிப் போட்டும் உன்ன மாதிரி முழுசா வராது." அட்டையை மேசைமேல் வைத்தார். "நேத்து எத்தனை மணித்தியாலம் படுத்தாய்?"

"மூணு."

"பாய் சும்மாதான் கிடக்கு. போய்ப் படு. அசருக்கு எழுப்பிவிடுறன்."

பையன் வெட்கத்தோடு சிரித்தான். கடைக்காரரும் சிரித்தார், சிரிக்குமுன், மேசையின் விளிம்பை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டார்.